பழைய கார்களில் நெடும்பயணம் கிளம்பும் நண்பர்களுக்கு



அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு, அவற்றுக்கும் முந்தைய மாரிஸ், ஆஸ்டின் என்று ஆளுக்கொரு பழைய வண்டி வைத்திருக்கிறீர்கள். பொங்கல் முடிந்ததும் சென்னையில் கிளம்பி திருச்சி, மதுரை வழியாகக் கன்னியாகுமரி. திரும்பும்போது தென்காசி, பொள்ளாச்சி, வால்பாறை என்று திட்டம் போட்டிருக்கிறீர்கள். நானும் உங்களோடு வருகிறவன். அதனால் முதுகுக்குப் பின்னால் முணுமுணுக்காமல் நேராகவே எழுதிவிடுகிறேன்.

சில மாதங்களாக நீங்கள் வண்டிகளுக்குச் செய்யும் வேலைகளைப் பார்த்து வருகிறேன். ஒருவர் பம்பருக்குக் குரோம் ஏற்றியிருக்கிறார். இன்னொருவர் பெஞ்ச் சீட்டைப் பிடுங்கிவிட்டு ஏதோ புதிய காரின் பக்கெட் சீட்டை வைத்திருக்கிறார். ஒரு வண்டியில் டேஷ்போர்டையே வெட்டி, கையகலத் திரை பதித்திருக்கிறார்கள். இரண்டு பேர் என்ஜினையே மாற்றிவிட்டு, "இனிமே எவனும் ஓவர்டேக் பண்ண முடியாது" என்கிறீர்கள். பெயிண்டுக்கு ஆன செலவைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். நல்லது, உங்கள் பணம். ஆனால் இத்தனை பேச்சிலும் பிரேக் என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை. ஓட்டை வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதில் இருக்கும் அக்கறை, ஓட்டையை அடைப்பதில் இல்லை.

வால்பாறையிலிருந்து ஆழியாருக்கு இறங்கும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அதில் உங்கள் வண்டி முன்னும் பின்னும் டிரம் பிரேக்கோடு, பெரும்பாலும் ஒரே மாஸ்டர் சிலிண்டரோடு, நான்கு பேரையும் டிக்கி நிறையப் பெட்டிகளையும் சுமந்துகொண்டு இறங்கப்போகிறது. டிரம் சூடானால் விரியும். விரிந்தால் ஷூ அதை எட்டிப் பிடிக்கப் பெடலை இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டும். லைனிங்கும் ஒரு சூட்டுக்கு மேல் பிடியை இழக்கும். பிரேக் ஆயிலோ காற்றில் இருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சி வைத்திருக்கும். ஐந்து வருஷமாக மாற்றாத ஆயில் என்றால், அத்தனை சூட்டில் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி கீழே போய்விடும். இரட்டைச் சர்க்யூட் உள்ள புதிய கார்களில் ஒரு பக்கம் கசிந்தால் மறுபக்கமாவது மிஞ்சும். உங்கள் வண்டியில் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. மிஞ்சுவது ஹேண்ட் பிரேக். அதன் கேபிளைக் கடைசியாக எப்போது இறுக்கினீர்கள்?

பிரேக் பற்றிக் கேட்டால் உங்களில் பலர், "பூஸ்டர் போட்டாச்சுல்ல" என்று பதில் வைத்திருப்பீர்கள். பூஸ்டர் உங்கள் காலுக்குத்தான் உதவி. குறைந்த மிதியில் அதே அழுத்தத்தைத் தருகிறதே ஒழிய, டிரம்மின் சூட்டை ஒரு டிகிரிகூட அது குறைக்காது. மெத்தென்று மிதிபடுவதால் பிரேக் நன்றாக இருப்பதாக மனசு நம்பிவிடும். மலையில் அந்த நம்பிக்கைதான் ஆபத்து. செலவு செய்தே தீருவது என்றால் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் வையுங்கள், மாஸ்டர் சிலிண்டரை இரட்டைச் சர்க்யூட்டாக்குங்கள். ஆனால் விவரம் தெரிந்த கையால் செய்யுங்கள். முன்னால் டிஸ்க்கை மாட்டிவிட்டுப் பின் டிரம்முக்குப் போகும் அழுத்தத்தைச் சரிபார்க்காமல் விட்டால், மழை ரோட்டில் பின்சக்கரங்கள் முந்திப் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றும்.

அதெல்லாம் வேண்டாம், இருப்பதே போதும் என்கிறவர்களுக்கு வேலை இன்னும் எளிது. சக்கரத்தைக் கழற்றி டிரம்மை இழுத்துவிட்டு, வீல் சிலிண்டரின் முனையில் இருக்கும் ரப்பர் மூடியை நகத்தால் லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் நிம்மதி. பழுப்பு நிறத்தில் ஈரம் தட்டுப்பட்டால் அந்த சிலிண்டர் கசிய ஆரம்பித்துவிட்டது. வெறும் ரப்பர் கிட்டை மட்டும் மாற்றிவிட்டு வராதீர்கள். சிலிண்டரின் உள்சுவரை டார்ச் அடித்துப் பாருங்கள்; துருப்புள்ளி இருந்தால் புது ரப்பரையும் அது சீக்கிரமே கிழித்துவிடும். பிறகு பிரேக் ஹோஸை வளைத்துப் பாருங்கள். வளைவில் முடியளவு வெடிப்பு தெரிந்தாலும் அதன் வேலை முடிந்தது. இத்தனைக்கும் ஆகும் செலவு, நீங்கள் குரோமுக்குக் கொடுத்ததில் ஒரு துளி.

என்ஜின் மாற்றியவர்களிடம் தனியாகப் பேச வேண்டும். உங்கள் அம்பாசடரோடு பிறந்த 1489 சிசி என்ஜின் ஏறக்குறைய 50 குதிரைத்திறன் கொடுத்தது. அந்தத் திறன் தரும் வேகத்துக்குத்தான் அந்த டிரம்மை அளந்து வைத்தார்கள். பிற்பாடு 75 குதிரைத்திறன் இசுசு என்ஜினோடு அம்பாசடர் வந்தது உண்மைதான். ஆனால் அது கம்பெனியே கணக்குப் போட்டுக் கட்டிய வண்டி, பட்டறையில் உட்கார்ந்து செய்த ஒட்டுவேலை இல்லை. 60-ல் போன வண்டியை 90-ல் ஓட்டினால் வேகம் ஒன்றரை மடங்குதான். நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலோ இரண்டே கால் மடங்கு. இதில் வாதாட ஒன்றுமில்லை, பள்ளிக்கூடத்து இயற்பியல். கூடுதல் எடையுள்ள டீசல் என்ஜினை முன்னால் தூக்கி வைத்தவர்களுக்கு ஸ்டியரிங் கனப்பது தெரிந்திருக்கும். முன் சஸ்பென்ஷனும் அந்தப் பாரத்தைச் சுமக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"அமெரிக்காக்காரன் ஹாட் ராட் பண்ணலையா?" என்று ஒருவர் என்னிடம் மடக்கினார். பண்ணினான். 1930-களின் ஃபோர்டு வண்டிகளைப் பிடித்து, மட்கார்டைக் கழற்றி, என்ஜினை முறுக்கேற்றி, கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் பறந்தான். ஆனால் அந்தக் கதையின் பாதியைத்தான் நாம் கேட்டிருக்கிறோம். அப்போதைய ஃபோர்டுகளில் பிரேக்கை இயக்கியது இரும்புக் கம்பி. 1939-ல்தான் ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது. அது வந்ததும் ஹாட் ராட் பையன்கள் பழைய பட்டறைகளில் தேடிப்பிடித்து, 1932 மாடல் வண்டிகளுக்கு 1939-இன் பிரேக்கைத் தூக்கி மாட்டினார்கள். பையில் காசில்லாத இளைஞர்கள்தான் அவர்களில் பலரும். வேகத்தைக் கூட்டினால் பிரேக்கையும் கூட்ட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது புகைக்குழாய்ச் சத்தத்தை மட்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். என்ஜின் எண் உங்கள் ஆர்.சி.யில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் என்ஜினை மாற்றி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் அந்த ஆர்.சி.யைத்தான். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் தனிப் பதிவு முறை வந்தது. நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். அதை வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் விதியை முழுதாகப் படியுங்கள். சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தப் பதிவு கிடைக்காது. கிடைத்தாலும் கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுதல், பழுதுபார்த்தல் போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். வழக்கமான பயணத்துக்கு ஆகாது. நம் பயணம் எந்தக் கணக்கில் சேரும் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இனி, பேசாமல் விட்ட சில சங்கதிகள்.

இப்போது பங்க்கில் நீங்கள் போடும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால். உங்கள் வண்டியின் ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் அதைக் கனவிலும் கண்டதில்லை. சில ரப்பர் ஊதும், சில இறுகி வெடிக்கும். டேங்க்கில் வருஷக்கணக்காகப் படிந்த அழுக்கையும் எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்க்கும். ஹோஸ், டயாஃப்ரம் இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகமாக இப்போதே மாற்றிவிட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, அந்த அழுக்கு வந்து தீரும்வரை ஃபில்டரை மாற்றுங்கள். அந்த வேலையை விழுப்புரம் தாண்டி ரோட்டோரத்தில் செய்ய வேண்டாம். கார்ப்ரேட்டரில் கலவையும் மெலிந்து போயிருக்கும். ஜெட்டைக் கொஞ்சம் திறந்து சரிசெய்யச் சொல்லுங்கள். மெலிந்த கலவையில் என்ஜின் கூடுதலாகச் சூடாகும்.

இன்னொன்று, 2000-இல் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வின் சீட்டைத் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது இது பெரிதாகத் தெரியாது. நால்வழிச் சாலையில் மணிக்கணக்காக ஒரே மிதியில் போகும்போதுதான் சீட் தேயும், வால்வு மேலேறும், டாப்பெட் இடைவெளி குறையும். எனவே, மதுரை தாண்டியதும் டாப்பெட் சத்தம் குறைந்து என்ஜின் மெத்தென்று ஓடினால் மகிழ்ந்துவிடாதீர்கள். அதுதான் எச்சரிக்கை. இராத்தங்கலில் என்ஜின் ஆறிய பிறகு ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள். ஹெட்டைக் கழற்றும் வேலை எப்படியும் வருகிறது என்றால், கடினப்படுத்திய சீட்டை லேத்தில் கொடுத்து இறக்கிவிடுங்கள். என்னைக் கேட்டால், பழைய வண்டிக்குச் செய்யும் மேம்பாடுகளில் வெளியே தெரியாமல் பலன் தரும் வேலை இதுதான்.

ரேடியேட்டர் பற்றி உங்களுக்கே தெரியும், ஆனாலும் செய்வதில்லை. போர்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே சுண்ணாம்பு கட்டியிருக்கிறது. சூடாகிறது என்று சொன்னதும் மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசியிருப்பார். அதை வீசுவதால் நோய் தீராது. ரேடியேட்டரின் உள்குழாய்களைச் சுத்தம் செய்யுங்கள், முடியாவிட்டால் மாற்றுங்கள். தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டி, காய்ச்சி வடித்த தண்ணீரில் கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். தை மாதத்தில் கிளம்புவது நல்ல முடிவுதான். ஆனால் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் மெல்ல ஏறும் வண்டிக்குத் தையும் சித்திரையும் ஒன்றுதான்.

வயரிங்: ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகப் போய்வருகிற வண்டிகள் உங்களுடையவை. வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்பு போட்டவர்களின் சுவிட்ச் உருகுகிற நாள் தூரத்தில் இல்லை. ரிலே போடுங்கள், பழைய பல்பே பளிச்சென்று எரியும். பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச், கைக்கெட்டும் இடத்தில் ஒரு தீயணைப்பான், பின் கண்ணாடியில் உயரமாக ஒரு பிரேக் லைட் வையுங்கள். நம் வண்டிகளின் பின் விளக்கு, பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணுக்கு ஒரு பொட்டளவுதான் தெரியும். சீட் பெல்ட் போடும்போது துருப்பிடித்த ஃப்ளோர் தகட்டில் வெறும் நட்டை முறுக்கி வைக்காதீர்கள். தகட்டுக்கு அடியில் கனமான இரும்புத் தகடு வைத்து, அதற்கென்றே இருக்கும் போல்ட்டால் பிடியுங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். 2314 என்று இருந்தால் அது 2014-ஆம் வருஷத்து டயர். ட்ரெட் எத்தனை அழகாக இருந்தாலும் அதில் போகாதீர்கள்.

ஹெரால்டு வைத்திருப்பவர்களே, உங்களுக்குக் கூடுதலாக ஒரு வார்த்தை. 1961-இலிருந்து நம் சென்னையிலேயே செய்த வண்டி என்பதால் அதன்மேல் எனக்குத் தனிப் பாசம். பானெட் முழுவதையும் முன்பக்கமாகச் சாய்த்துத் திறந்து, டயர்மேல் உட்கார்ந்தே என்ஜின் வேலை பார்க்கும் வசதி வேறு எந்த வண்டியில் இருக்கிறது? ஆனால் அதன் முன்சக்கரத்து அடி ட்ரனியனுக்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது. கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். எல்லா வண்டிக்கும் அடிப்பதுபோல் பட்டறைப் பையன் அதற்கும் கிரீஸ் கன்னை வைப்பான். கிரீஸ் மரைக்குள் போய்ச் சேராது. காய்ந்த மரையில் துரு ஏறி, ஒரு நாள் திரும்பும்போது அந்தத் தண்டு முறியும், சக்கரம் மடங்கி உட்காரும். கிளம்புவதற்கு முன் பக்கத்தில் நின்று பார்த்து, ஆயிலை ஊற்றச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் செய்யத் தெரிந்தவர்கள் யார் என்ற கேள்விதான் எனக்குப் பெரிய கவலை. பாயிண்ட் இடைவெளியைக் காதால் கேட்டே சொல்கிறவர்கள், கார்ப்ரேட்டர் பிஸ்டனைச் சுண்டுவிரலால் தூக்கிவிட்டு, என்ஜின் சத்தம் மாறுகிற விதத்தில் கலவையைப் படிப்பவர்கள் நம் ஊர்களில் இன்னும் சிலர் மிச்சமிருக்கிறார்கள். எல்லோருக்கும் வயதாகிவிட்டது. அவர்களுடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். லட்சக்கணக்கில் பெயிண்டுக்குக் கொடுக்கும் நீங்கள், அரை நாள் குனிந்து பிரேக் அட்ஜஸ்ட் செய்த அண்ணனிடம் முந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெயிண்டர் கேட்ட விலைக்கு ஏன் என்று கேட்கவில்லை, இவரிடம் மட்டும் "என்னண்ணே, ஒரு நட்டைத் திருப்பினதுக்கா இவ்ளோ?" என்கிறீர்கள். எந்த நட்டை, எந்தப் பக்கம், எத்தனை திருப்புத் திருப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு ஆயுள் ஆகியிருக்கிறது. இனி அவர் கேட்பதைக் கொடுங்கள். அதோடு, பயணத்துக்கு அவரையும் ஒரு வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். சாப்பாடு, தங்குமிடம், நாள்கூலி எல்லாம் நம் பொதுச் செலவில். கூடவே அவரிடம் வேலை கற்கும் ஒரு பையனும் வரட்டும். புதுப்பேட்டையில் எத்தனை அலைந்தாலும் பாகம்தான் கிடைக்கும். அதை மாட்டும் கை கிடைக்காது.

வண்டியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கத்தான் ஆசை என்றால் அதில் தவறில்லை. கோவையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் அதை அழகாகச் செய்கிறது. ஆனால் நீங்கள் நெடுஞ்சாலைக்கு வருகிறீர்கள். அங்கே உங்கள் பின்னால் பள்ளி வேன் வரும், முன்னால் பால்காரர் பைக்கில் போவார். உங்கள் வண்டி எத்தனை வருஷப் பழையது என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. முன்னால் ஒருவர் குறுக்கே வந்தால் அது நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

எனவே உங்கள் எல்லோரிடமும் நான் கேட்பது இதுதான். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே இடத்தில் எல்லா வண்டிகளையும் கொண்டுவாருங்கள். ஜாக்கி, ஸ்டாண்டு, டார்ச் போதும். ஒவ்வொரு வண்டியிலும் நான்கு டிரம்மையும் எல்லோர் முன்னாலும் கழற்றுவோம். சிலிண்டர், ஷூ, ஹோஸ், டயர் எண், பெட்ரோல் லைன் எல்லாவற்றையும் ஒருவர் வண்டியை இன்னொருவர் பார்க்கட்டும். அவரவர் வண்டியை அவரவர் பார்த்தால் பாசம் கண்ணை மறைக்கும். குறை இருந்தால் சரிசெய்ய மூன்று வாரம் இருக்கிறது. சரிசெய்த வண்டியை மறுவாரம் செங்கல்பட்டு வரை ஓட்டிவிட்டு வந்து, சக்கரங்களைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். என்ஜின் மாற்றியவர்கள் பிரேக்கையும் மாற்றிவிட்டு, ஆர்.சி.யில் பதிந்துகொண்டு வாருங்கள். அதற்கு நேரம் போதாது என்றால், இந்த முறை வேறொருவர் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள், இடம் தருகிறோம். டிரம்மைக் கழற்றிக் காட்ட மறுக்கும் வண்டி, அது யாருடையதாக இருந்தாலும், எத்தனை பளபளத்தாலும், நம்மோடு வரக் கூடாது.

இந்த விதியை நாமே நமக்குப் போட்டுக்கொள்வோம். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும், மலையிறங்கி ஆழியாரில் டீ குடிக்கும்போது சமாதானமாகிவிடலாம். முதலில் என் வண்டியின் டிரம்மைக் கழற்றுங்கள். நாளையும் இடத்தையும் இந்த வாரத்துக்குள் முடிவு செய்து சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்